மனோ கணேசன் 2024இல் கொழும்பில் ஏன் தெரிவாகவில்லை?

மட்டக்குளியில் இருந்து, 2024இல் முதல் தடவை வாக்களித்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "2020இல் 62 ஆயிரம் விருப்பு வாக்கு எடுத்து வென்ற மனோ கணேசன், 2024இல் ஏன் தெரிவாகவில்லை? எங்கள் ஆட்கள் அவரைக் கைவிட்டு விட்டார்களா? அடுத்த முறை ஏணிச் சின்னத்தில் தனியாக நின்றால் வெல்ல முடியுமா?"

கொழும்புத் தமிழரின் வாக்கில் பல தடவை எம்.பி.யான மனோ, ஏணிச் சின்னத்துக்குரிய ஜனநாயக மக்கள் முன்னணியின் தலைவர். கைவிட்டார்களா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். கொழும்பு மாவட்டத்தில் ஒரு தமிழர் பாராளுமன்றம் போவதும் போகாமல் விடுவதும் பெரும்பாலும் அவருடைய சொந்த வாக்கில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அவர் நிற்கும் பெரிய கட்சிக்கு எத்தனை ஆசனம் கிடைக்கிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. அந்தக் கட்சியின் கடைசி ஆசனம் அல்லது அதற்கு முந்தியது, அதுதான் தமிழருக்கு வந்து சேரும் ஆசனம். கட்சி சுருங்கினால் முதலில் போவதும் அதுவே.

2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு மாவட்டத்துக்கு 19 ஆசனம். பொதுஜன பெரமுனவுக்கு 6 இலட்சத்து 74 ஆயிரத்து 603 வாக்கு, ஐக்கிய மக்கள் சக்திக்கு 3 இலட்சத்து 87 ஆயிரத்து 145, தேசிய மக்கள் சக்திக்கு 67 ஆயிரத்து 600. மற்ற எல்லாரும் நூற்றுக்கு ஐந்து என்ற வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விட்டார்கள். ரணில் விக்கிரமசிங்கவின் ஐக்கிய தேசியக் கட்சியும் அதில் ஒன்று: 30 ஆயிரத்துச் சொச்சம் வாக்கு, கொழும்பிலேயே ஓர் ஆசனமும் இல்லை.

முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுத்துவிட்டு, மிச்சம் 18 ஆசனத்தால், வெட்டுப்புள்ளியைத் தாண்டிய மூன்று கட்சிகளின் மொத்த வாக்கைப் பிரிக்க வேண்டும். ஏறக்குறைய 62 ஆயிரத்து 740 வருகிறது. அதுதான் அந்தத் தேர்தலில் ஓர் ஆசனத்தின் விலை. ஐக்கிய மக்கள் சக்தியின் வாக்குக்குள் அந்த எண் ஆறு தடவை போகும், மிச்சம் பதினோராயிரத்துக்கும் குறைவு. ஆகவே ஆறு ஆசனம். அந்த ஆறு பேரை விருப்பு வாக்கு (கட்சிக்குப் போட்டவர் அதன் பட்டியலில் தனக்குப் பிடித்த வேட்பாளருக்குப் போடும் வாக்கு) வரிசையில் பாருங்கள்: சஜித் பிரேமதாச 3 இலட்சத்துக்கும் மேல், எஸ். எம். மரிக்கார், முஜிபுர் ரஹ்மான், ஹர்ஷ டி சில்வா, பாட்டலி சம்பிக்க ரணவக்க, ஆறாவதாக மனோ கணேசன், 62,091. கட்சிக்கு ஓர் ஆசனம் குறைந்திருந்தால் முதலில் போயிருப்பது அந்த ஆறாவது ஆசனம்தான். மனோவின் ஆசனம் அவருடைய 62 ஆயிரத்தில் மட்டும் இல்லை, கட்சியின் மொத்த வாக்கிலும்தான் தொங்கியது. வென்ற அன்று இதை யாரும் பேசவில்லை. பட்டாசு கொளுத்தும் நேரத்தில் யார் கட்சியின் வாக்கைக் கணக்குப் பார்ப்பார்கள்?

இப்போது 2024. மாவட்டத்துக்கு ஆசனம் 19இல் இருந்து 18 ஆகக் குறைந்திருந்தது. தேசிய மக்கள் சக்தி 7 இலட்சத்து 88 ஆயிரத்து 636 வாக்கோடு வந்தது. ஹரிணி அமரசூரிய மட்டும் 6 இலட்சத்து 55 ஆயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு எடுத்தார். ஐக்கிய மக்கள் சக்தி 2 இலட்சத்து 8 ஆயிரத்து 249க்கு இறங்கியது. வேறு எவரும் வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. அதே முறையில் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை 58 ஆயிரத்து 640 அளவில் வருகிறது. ஐக்கிய மக்கள் சக்திக்கு மூன்று முழு ஆசனம், நாலாவது மீதி வாக்கில் கிடைத்தது. அந்த நாலு பேர்: சஜித், ஹர்ஷ, முஜிபுர் ரஹ்மான், மரிக்கார். ஆறு நாலாகிவிட்டது. 2020இல் ஐந்தாவதாக வந்த சம்பிக்கவின் ஆசனமும் ஆறாவதாக வந்த மனோவின் ஆசனமும் 2024இல் இல்லவே இல்லை. அதாவது, மனோ முன்போலவே ஆறாவது இடத்தில் வந்திருந்தாலும் போதாது, முதல் நாலு பேரில் ஒருவரைத் தாண்டினால்தான் அவர் உள்ளே போயிருக்க முடியும். தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்வது மட்டும் போதாத தேர்தல் அது.

சரி, கைவிட்டார்களா என்ற கேள்வி. ஒரு பகுதி உண்மைதான். அந்த முறை தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குத் தமிழரும் போட்டார்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே தேசிய மக்கள் சக்தி மூன்று ஆசனத்தோடு முதலிடம் வந்ததென்றால், புளூமெண்டாலிலும் வெள்ளவத்தையிலும் அந்த அலை அடிக்காமல் விட்டிருக்காது. அப்படிப் போட்டவர்களைத் துரோகி என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகை, மின்சாரக் கட்டணம், பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று எல்லாவற்றிலும் அடிபட்ட குடும்பம், இனத்தைப் பார்க்காமல் ஆட்சியை மாற்ற நினைத்தது. அது அவர்களுடைய உரிமை.

ஆனால் இந்த ஆசனத்தின் மதிப்பு என்ன என்று தெரிய, மனோவின் பயணத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அவருடைய தந்தை வி. பி. கணேசன். தொழிற்சங்கவாதி, இலங்கைத் தமிழ்ப் படங்களைத் தயாரித்து நடித்தவர். கொழும்பில் இந்திய வம்சாவளித் தமிழர் என்றால், ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளிகள், நகரசுத்தித் தொழிலாளிகள், கடைச் சிப்பந்திகள், செட்டியார் தெரு வியாபாரிகள் என்று ஒரு பெரிய சனத்தொகை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத்தை மட்டும் வெட்டவில்லை, கொழும்பு நகரத்துக்குள்ளும் இவர்களில் ஏராளமானோரின் வாக்கைப் பறித்தது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1988 சட்டம், கடைசியாக 2003 சட்டம் என்று அந்தச் சிக்கல் அவிழ்ந்து முடிய அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. வடகொழும்பில் தமிழ் வாக்கு ஓர் அரசியல் சக்தியாக எழும்ப ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

அதற்கு முந்திய காலத்தில் நிலைமை வேறாக இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தலில், கொழும்பு வடக்கில் வென்றவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து. தேர்தல் மனுவில் ஆசனத்தை இழந்தார். 1932 இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து அதே தொகுதியில் நின்று வென்று, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போன இரண்டாவது பெண் ஆனார். 1936இலும் அதே தொகுதி அவரைத் தெரிவு செய்தது. கணவர் 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். (பி. சரா மைதானத்துக்குப் பெயர் தந்த பாக்கியசோதி சரவணமுத்து இவருடைய சகோதரர்.) சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் கலந்து வாழ்ந்த ஒரு தொகுதி, ஒரு தமிழ்ப் பெண்ணை இரண்டு தடவை அனுப்பியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு வரியாவது இருக்க வேண்டும்.

மனோ பாராளுமன்றத்தில் தொடங்கவில்லை. 1999இல் மேல்மாகாண சபைக்குத் தெரிவானார். அங்கே போட்ட அடித்தளத்தில்தான் 2001 டிசம்பரில் ஐக்கிய தேசிய முன்னணிப் பட்டியலில் நின்று கொழும்பில் வென்றார். மேலக மக்கள் முன்னணி என்று இருந்த அவருடைய கட்சி பிற்பாடு ஜனநாயக மக்கள் முன்னணி ஆனது. 2004இலும் வென்றார். அந்த முறை யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து போட்டியிட்ட தி. மகேஸ்வரனும் அதே முன்னணியில் தெரிவானார்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2006இல் இருந்து 2009 வரையான காலம். வெள்ளை வேன் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன காலம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியே போன மகன் திரும்பி வரும் வரைக்கும் தாய்மார் வாசலில் நின்றார்கள். பொலிஸுக்குப் போகப் பயம், போனாலும் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் மனோ கணேசன், யாழ்ப்பாண எம்.பி. நடராஜா ரவிராஜ் போன்றவர்கள் மக்கள் கண்காணிப்புக் குழுவை அமைத்துக் காணாமல் போனோரின் விபரங்களைச் சேகரித்துப் பகிரங்கமாகப் பேசினார்கள். 2006 நவம்பர் 10ஆம் திகதி ரவிராஜ் கொழும்பிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2008 புத்தாண்டு அன்று மகேஸ்வரன் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் வழிபடும்போது சுடப்பட்டு இறந்தார். அதற்கு முன்பே, 2000 ஜனவரியில், தமிழ் அரசியல்வாதியும் சட்டத்தரணியுமான குமார் பொன்னம்பலத்தை வெள்ளவத்தையில் கொன்றிருந்தார்கள். கொழும்பில் தமிழருக்காக வாய் திறப்பது என்றால் அன்று என்ன என்பதற்கு இந்த மூன்று பெயரும் போதும்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்களே, அதையும் நினைத்துப் பாருங்கள். 376 பேர். வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலைக்காக வந்தவர்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிறகு அன்றைய பிரதமரே வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் அந்தக் காலை நேரத்தில், யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்கு, கொழும்பில் தமிழில் பேசிக் கதவைத் தட்டக்கூடிய ஓர் எம்.பி. இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம்! இந்த ஆசனத்தை வெறும் பதவி என்று நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம் 2010. அவருடைய தேர்தல் வாழ்க்கையில் இதைத்தான் மிகப் பெரிய சறுக்கல் என்று நான் நினைக்கிறேன். கொழும்பைத் தம்பி பிரபா கணேசனிடம் விட்டுவிட்டு மனோ கண்டி மாவட்டத்துக்குப் போனார். கண்டித் தமிழருக்கும் ஒரு பிரதிநிதி வேண்டும், ஒரு ஆசனத்தை இரண்டாக்கலாம் என்பது நோக்கம். நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் யுத்தம் முடிந்த அடுத்த வருடம், மஹிந்த ராஜபக்ஷவின் அலை உச்சத்தில் இருந்த நேரம். கண்டியின் 12 ஆசனத்தில் எட்டை ஆளும் கூட்டணி எடுத்தது, நாலு மட்டும் ஐக்கிய தேசிய முன்னணிக்கு. மனோ தோற்றார். கொழும்பில் பிரபா வென்றார், ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் அரசாங்கப் பக்கம் மாறினார். செப்டெம்பரில், ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தம் நிறைவேறியது. கட்சிக்காக வடகொழும்பில் வீடு வீடாக ஏறி இறங்கிய இளைஞர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு அவர் திரும்பி எழுந்த விதம்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரடியான பதில். பாராளுமன்றத்தில் இடம் இல்லாமல் போனவர் 2011 ஒக்டோபரில் கொழும்பு மாநகர சபைத் தேர்தலுக்கு ஏணிச் சின்னத்தில் தனியாக இறங்கினார். ஆறு ஆசனம். 2014இல் மறுபடி மேல்மாகாண சபை, அதுவும் ஏணியில். 2015 ஜனவரியில் எதிரணியின் பொது வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவுக்கு ஆதரவு, ஜூனில் மலையகத் தலைவர்கள் திகாம்பரத்தையும் இராதாகிருஷ்ணனையும் சேர்த்துத் தமிழ் முற்போக்குக் கூட்டணி, ஆகஸ்டில் 69,064 விருப்பு வாக்கோடு மீண்டும் கொழும்பு எம்.பி. கூட்டணிக்கு மொத்தம் ஆறு ஆசனம். தேசிய கலந்துரையாடல் அமைச்சு அவருக்குக் கிடைத்தது, பிறகு அரச கரும மொழிகளும் அதோடு சேர்ந்தன. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி திடீரென்று பிரதமரை மாற்றியபோது கூட்டணி இடம் மாறாமல் நின்றது. அந்த ஐம்பதுச் சொச்ச நாளில் ஒவ்வொரு எம்.பி.யின் தலைக்கும் விலை பேசப்பட்டதாகக் கதை அடிபட்ட நேரத்தில் அது சின்ன விஷயமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஏணி தனியாக வென்றதெல்லாம் மாநகர சபையிலும் மாகாண சபையிலும்தான். 2018இல் 119 பேர் கொண்ட மாநகர சபையிலும் பத்து உறுப்பினர் கிடைத்தார்கள். ஏன் அங்கே முடிகிறது, பாராளுமன்றத்துக்கு முடியவில்லை? ஆசன எண்ணிக்கைதான். கொழும்பு மாவட்டத்தில் இருந்து மாகாண சபைக்கு நாற்பது பேரளவில் போகிறார்கள், பாராளுமன்றத்துக்குப் பதினெட்டுப் பேர். அதே வாக்குக்கு அங்கே இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பு. மாநகர எல்லைக்குள் என்றால் தமிழர் நூற்றுக்கு முப்பது அளவில் இருக்கிறோம், மாவட்டம் முழுவதும் என்றால் ஹோமாகம, மஹரகம, கடுவெல, கெஸ்பேவ எல்லாம் சேர்ந்து அந்த விகிதம் பத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது.

ஆகவே பாராளுமன்றத்துக்கு ஏணியில் தனியாக நின்றால்? 2024 கணக்கில் வெட்டுப்புள்ளி மட்டும் 57 ஆயிரத்துக்கு மேல். 2018இல் மாநகர எல்லைக்குள் ஏணிக்கு விழுந்தது அதில் பாதிகூட இல்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஓர் ஆசனம் நிச்சயம் என்றே சொல்லலாம். 2020இல் 67 ஆயிரத்து 600 வாக்கோடு தேசிய மக்கள் சக்தி எடுத்த அந்த ஒற்றை ஆசனத்தில் போனவர் அநுர குமார திசாநாயக்க, நாலு வருடத்தில் ஜனாதிபதியானார். ஆனால் தாண்டாவிட்டால் 50 ஆயிரம் வாக்கும் குப்பைக்குப் போகும். 2024இல் புதிய ஜனநாயக முன்னணிக்கு கொழும்பில் 51 ஆயிரம் வாக்கு விழுந்தும் ஓர் ஆசனமும் இல்லாமல் போனது கண் முன்னால் நடந்ததுதானே.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 62 ஆயிரம் விருப்பு வாக்கு என்றால் 62 ஆயிரம் கட்சி வாக்கு என்று அர்த்தமில்லை. ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்கு. சஜித்துக்கும் முஜிபுருக்கும் போட்ட அதே கை மூன்றாவதாக மனோவுக்கும் புள்ளடி போட்டிருக்கும். அந்த ஆளிடம் "தொலைபேசியை (ஐக்கிய மக்கள் சக்தியின் சின்னம்) விட்டு ஏணிக்குப் போடு" என்றால் எல்லாரும் வரமாட்டார்கள். எனவே இன்றைய நிலையில் தனியாக நிற்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பெரிய கட்சிப் பட்டியலில் நிற்க வேண்டும், ஆனால் வேட்புமனுவுக்கு முன்பே தேசியப் பட்டியலில் (நாடு முழுவதும் கட்சி எடுத்த வாக்குக்கேற்ப அதற்குக் கிடைக்கும் ஆசனங்கள்) ஓர் இடத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

2024இல் தேசியப் பட்டியல் ஆசனம் மனோவுக்குக் கிடைத்தது. ஆனால் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். ஐக்கிய மக்கள் சக்திக்கு ஐந்து தேசியப் பட்டியல் ஆசனம், கேட்டு நின்றவர்களோ பலர். நவம்பர் 14 தேர்தல் முடிந்து டிசம்பர் வரைக்கும் இழுபட்டுத்தான் பெயர் வந்தது. தேசியப் பட்டியலில் போனவர் கொழும்புத் தமிழரின் பிரதிநிதி ஆவாரா என்று சிலர் கேட்கிறார்கள். சட்டப்படி அவருக்குத் தொகுதியோ மாவட்டமோ இல்லை, ஆனால் சபையில் அவருடைய குரலுக்கும் வாக்குக்கும் ஒரு குறையும் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்குப் பிரச்சினை வந்தால் போகும் இடமும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அந்த ஆசனத்தைத் தரும் அதிகாரம் வாக்காளரிடம் இருந்து கட்சித் தலைமையிடம் போயிருக்கிறது. எனக்குக் கவலை அதில்தான்.

அடுத்த தலைமுறையைப் பற்றியும் கேட்டிருக்கலாம், நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1999இல் மனோ ஏறிய முதல் படி மேல்மாகாண சபை. 2010இல் விழுந்தவர் திரும்பி ஏறியதும் மாநகர சபை, மாகாண சபை வழியாகத்தான். மேல்மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச்சில். 2019இல் சபையின் காலம் முடிந்தது. 2017இல் சட்டத்தைத் திருத்தி, எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்ததோடு எல்லாம் முடங்கிப் போனது. அன்றிலிருந்து ஆளுநர்தான் ஆட்சி. மாகாண சபை என்றால் வடக்குக் கிழக்கின் விஷயம் என்று கொழும்பில் பலர் நினைக்கிறார்கள். அது பெரிய தவறு. இந்த நகரத்தில் ஒரு தமிழ் இளைஞன், ஒரு தமிழ்ப் பெண், எந்தப் பெரிய கட்சியின் தயவும் இல்லாமல் 25 ஆயிரம் வாக்கு அளவில் வென்று அரசியலுக்குள் நுழையக்கூடிய பெரிய கதவு அதுதான். அது இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மனோவுக்குப் பிறகு யார் என்று கேட்டால் பெயர் சொல்ல முடியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக வாக்காளர் இடாப்பு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருபது வருடமாக வாழ்ந்தும் ஊரில், சாவகச்சேரியிலோ பருத்தித்துறையிலோ, பெயரை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஊர்ப்பற்று எனக்கும் விளங்கும். ஆனால் தேர்தல் அன்று அங்கே போகாமல் இங்கேயும் போடாமல் இருந்தால் அந்த வாக்கு யாருக்கும் இல்லை. அவிசாவளைப் பக்கத் தோட்டங்களிலும் பதியாமல் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். 2024இல் ஐக்கிய மக்கள் சக்திக்கு நாலாவது ஆசனம் கிடைத்தது வெறும் 32 ஆயிரம் மீதி வாக்கில் என்பதை நினைத்தால், சில ஆயிரம் பெயர் என்ன செய்யும் என்று விளங்கும். உங்கள் வீட்டில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று இந்தக் கிழமையே கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள், தம்பி.